சிறுதேரும் ஹெரால்டும்

உள்ளங்கை நீளமே உள்ள பிளாஸ்டிக் கார் ஒன்றுக்கு நடுவயதினர் ஒருவர் வண்ணம் பூசிக்கொண்டிருந்தால், காண்போர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பிள்ளைக்கா?" இல்லை என்று விடை வந்தால் ஒரு புன்னகை. அந்தப் புன்னகைக்குள் இரண்டு தீர்ப்புகள் அடங்கியிருக்கின்றன. இது சிறுபிள்ளை விளையாட்டு என்பது முதலாவது. வேறொருவர் வடிவமைத்ததை அப்படியே சிறிதாக்கி வைப்பதில் கலையென்று சொல்ல ஏதுமில்லை, வெறும் நகலெடுப்பு என்பது இரண்டாவது. இவ்விரண்டுமே பொருந்தாத் தீர்ப்புகள் என்பது நம் எண்ணம். இலக்கியம் பேசும் இடத்தில் மாதிரிக் கார்களுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கும் இக்கட்டுரையின் போக்கில் விடை கிடைக்கும் என்று நம்புகிறோம்.

முதல் தீர்ப்புக்கு மறுமொழி நம் இலக்கியத்திலேயே உண்டு. குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் ஓர் உவமை சொல்கிறார். தச்சர் செய்து தந்த சிறுதேர் அது. அதில் ஏறிப் போக இயலாது. எனினும் பிள்ளைகள் அதை இழுத்துத் திரிவதிலேயே மகிழ்ச்சி காண்கிறார்கள். இப்பாடலை நடத்தும்போது வகுப்பறைகளில் தலைவியின் மனநிலைக்கு விரைந்து போய்விடுவது வழக்கம். உவமையிலேயே சற்று நின்று பார்த்தால், அங்கே பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு தச்சர் நிற்பது தெரியும். சக்கரமும் அச்சும் தேர்த்தட்டும் எந்த விகிதத்தில் சுருங்கினால் அது தேராகவே தோன்றும் என்று கணக்கிட்டவர் அவர். பிள்ளைத்தமிழில் ஆண்பாற் பிள்ளைக்குரிய பத்தாம் பருவம் சிறுதேர்ப் பருவம். சிறுதேர் உருட்டும் பிள்ளையை நூற்றாண்டுக் கணக்கில் பாடியிருக்கிறோம். அதைச் செய்து தந்த கைகளைப் பாடியவர் மிகச் சிலர். சிறியவற்றோடு விளையாடுபவர் பிள்ளையாக இருக்கலாம். செய்பவர் எப்போதும் பெரியவரே.

இன்று கடைகளில் பெட்டியில் கிடைக்கும் பிளாஸ்டிக் மாதிரிகளின் வரலாறும் இதையே சொல்கிறது. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தை 1939இல் தொடங்கியவர் ஹங்கேரியிலிருந்து அங்குக் குடியேறிய நிக்கோலஸ் கோவ். அந்நிறுவனம் 1949இல் செய்த ஃபெர்குசன் டிராக்டரின் சிறு மாதிரி, டிராக்டர் விற்பனையாளர்கள் வாடிக்கையாளர்களிடம் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. அமெரிக்காவிலும் அப்படியே. அவ்வாண்டில் வெளிவரும் கார்களை 1/25 அளவில் சிறிதாக்கி முகவர்களின் காட்சியகங்களில் வைத்தார்கள். அந்த வழியில் வந்தவையே பின்னர் வாங்குவோர் தாமே ஒட்டிச் சேர்க்கும் பெட்டிகளாயின. விளையாட்டுப் பொருளாக ஆவதற்கு முன்பு இவை வாணிபப் பொருள்களாக இருந்தன; பெரியவர்கள் பெரியவர்களுக்குக் காட்டியவை.

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துக் கதை இன்னும் சுவையானது. 1946இல் மரத்தொழில் நிறுவனமாகத் தொடங்கியது தமியா. 1951இல் நேர்ந்த தீவிபத்தில் இருப்பிலிருந்த மரமெல்லாம் எரிந்துபோக, மாதிரிகளைச் செய்வதிலேயே முழுக் கவனம் செலுத்தத் தொடங்கினார்கள். 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். ஹசெகாவா, ஆவோஷிமா, ஃபுஜிமி ஆகிய நிறுவனங்களும் அதே வட்டாரத்திலிருந்து வந்தவையே. மாதிரி செய்யும் கலைக்கு ஒரு திருத்தலம் உண்டென்றால் அது ஷிசுவோகாதான். 1976இல் வெளிவந்த போர்ஷே 934 மாதிரிக்காகத் தமியா நிறுவனம் ஒரு போர்ஷே 911 காரையே விலைகொடுத்து வாங்கிப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தது. 2025இல் மறைந்த ஷுன்சாகு தமியாவின் பெயரோடு இச்செய்தி இன்றும் சேர்த்தே பேசப்படுகிறது. ஒரு பாடலைச் சீராகவும் அசையாகவும் பிரித்துப் பார்த்த பின்னரே அதன் ஓசையைப் பற்றிப் பேசத் துணியும் இலக்கண மாணவருக்கு இந்தச் செயல் விந்தையாகத் தோன்றாது.

இனி இரண்டாம் தீர்ப்புக்கு வருவோம். மாதிரி செய்தல் வெறும் நகலெடுப்பு என்போர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உண்மைக் காரின் தகட்டின்மேல் தொழிற்சாலையில் ஏற்றப்படும் வண்ணப்பூச்சு, எல்லா அடுக்குகளும் சேர்ந்து, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 1/32 அளவு மாதிரியில் இதற்கு இணையான கனம் 0.003 மில்லிமீட்டர். அத்தனை மெல்லிய பூச்சை எந்தத் தூரிகையும் தராது. நாம் பூசுவது 0.05 மில்லிமீட்டர் என்றே கொள்வோம். அதை 32 மடங்காகப் பெருக்கினால் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டும். ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயத்தின் கனமுள்ள வண்ணத்தைக் கார் முழுவதும் அப்பியதற்கு ஒப்பானது இது. கதவின் இடுக்குகள் தூர்ந்துபோகும், விளிம்புகள் மழுங்கிப்போகும். உலோகப் பளபளப்புள்ள வண்ணங்களிலோ நிலைமை இன்னும் மோசம். அவற்றில் கலந்துள்ள 0.02 மில்லிமீட்டர் அலுமினியத் துகள், அதே கணக்கின்படி, உண்மைக் காரின்மேல் ரவையைத் தூவியதுபோல் ஆகும்.

ஆகவே உள்ளதை உள்ளவாறே சிறிதாக்குதல் என்ற ஒன்று இயலவே இயலாது. வடிவத்தைச் சுருக்கலாம். ஒளியையும் வண்ணத்தின் கனத்தையும் பார்ப்பவர் கண்ணையும் சுருக்க முடியாது. இங்கேதான் செய்பவரின் தேர்வு தொடங்குகிறது. டயருக்குக் கன்னங்கரிய கருப்பைப் பூசினால் அது மையில் தோய்த்த வளையம்போல் தோன்றும்; கருஞ்சாம்பலைப் பூசினால்தான் ரப்பராகத் தெரியும். கதவின் கோட்டில் உண்மைக் காரில் தானாகவே விழும் நிழல், மாதிரியின் ஆழமற்ற கோட்டில் விழாது. நீர்த்த பழுப்பையோ கருஞ்சாம்பலையோ அக்கோட்டில் ஓடவிட்டு அந்நிழலை நாமே வரைய வேண்டும். 30 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து 1/32 மாதிரியைப் பார்ப்பது, உண்மைக் காரை ஏறத்தாழ 10 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு நிகர். எனவே நிறத்தையும் சற்றே வெளிறச் செய்ய வேண்டும் என்பார் பலர். தேவையில்லை என்று வாதிடுவாரும் உண்டு. இரு சாராரும் வாதிடுவது தோற்றத்தைப் பற்றி. அளவைப் பற்றி அன்று. மெய்போல் தோன்றுவதற்கு எங்கே மெய்யிலிருந்து விலக வேண்டும் என்பதே அவர்களுடைய வினா. கதை எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாவும் இதுவே அல்லவா?

அக்ரிலிக் வண்ணத்தைப் பற்றி இங்குச் சில சொற்கள் சொல்ல வேண்டும். நெடுங்காலம் மாதிரிக்காரர்களின் வண்ணமாக இருந்தது சிறு தகர டப்பாக்களில் வரும் எனாமல். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்ல இறுகுவது. அந்தத் தாமதத்தில் தூரிகைத் தடங்கள் தாமே படிந்து சமமாகிவிடும். அக்ரிலிக்கின் இயல்பு வேறு. நீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துளிகளோடு நிறமி கலந்த குழம்பு அது. நீர் ஆவியாகும்போது துளிகள் ஒன்றையொன்று நெருங்கிக் கலந்து படலமாகின்றன. காய்ந்த பின் நீர் அதைக் கரைக்காது. 1950களின் நடுவில் அமெரிக்க ஓவியர்களிடம் பரவத் தொடங்கிய இவ்வகை வண்ணம் பின்னர் மாதிரிக்காரர்களின் மேசைக்கும் வந்தது. ஸ்பெயினின் வயேஹோ வண்ணங்கள் நீரிலேயே கரைபவை. தமியாவின் அக்ரிலிக்கில் ஆல்கஹால் கலந்திருப்பதால் அதற்குரிய தின்னரைச் சேர்த்தால்தான் நன்கு ஓடும்.

அக்ரிலிக் விரைந்து காய்வதே அதன் நிறையும் குறையும். தூரிகை போன தடம் போனபடியே நின்றுவிடும். பாதி காய்ந்த இடத்தின்மேல் மீண்டும் தூரிகை பட்டால் அடியிலுள்ள அடுக்கும் பெயர்ந்துவிடும். படைவண்டி, விமானம் போன்றவற்றின் பளபளப்பற்ற பரப்பில் இத்தடங்கள் மறைந்துபோகும். காருக்கோ கண்ணாடிபோல் மின்னும் பரப்பு வேண்டும். ஆகவே காருக்குத் தூரிகையால் அக்ரிலிக் பூசுவது மாதிரிக்கலையிலேயே கடினமான வேலைகளுள் ஒன்று. முதலில் பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கை நீக்க வேண்டும். பிரைமர் பூச வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக்கை அக்ரிலிக் தானாகப் பற்றிக்கொள்ளாது. சிவப்பும் மஞ்சளும் மூடும் திறன் குறைந்தவை என்பதால் அவற்றுக்கு அடியில் வெண்மை வேண்டும். பிறகு பால்போல் நீர்த்த வண்ணத்தை ஒரே திசையில், மெல்லிய அடுக்காக, நான்கோ ஐந்தோ முறை, ஒவ்வோர் அடுக்கும் நன்கு காய்ந்த பின் பூச வேண்டும். முதல் அடுக்கைப் பார்த்தால் மனம் உடைந்துவிடும், திட்டுத்திட்டாகத் தெரியும். அதைத் திருத்தாமல் விட்டுவிடுவதே முதற்பாடம். இறுதியில் 2000 எண் வாட்டர் பேப்பரை நீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, நிறமற்ற பூச்சு ஏற்றி மெருகிட வேண்டும். நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பவர்கள் செய்வதும் இதே வரிசைதான். அவர்கள் கையின் அருமை இந்த வேலையில் இறங்கிய பின்புதான் பலருக்குப் புரியும்.

கருவிகள் வேண்டுமென்றால் ஏர்பிரஷ் உண்டு, கம்ப்ரசர் உண்டு, வாடையடிக்கும் லாக்கர் வண்ணங்களும் உண்டு. பளபளப்பில் அவற்றை மிஞ்ச முடியாது என்பது உண்மையே. ஆயினும் சமையற்கட்டுக்கும் படுக்கையறைக்கும் இடையில் ஒரு மேசை மட்டுமே உடைய வீட்டில், நெடியின்றி, ஒரு குவளை நீரில் தூரிகையைக் கழுவி எழுந்துவிடக் கூடிய வண்ணம் அக்ரிலிக்தான். இக்கலை தனியறை வைத்திருப்போரின் உரிமையாகிவிடாமல் காப்பது அதுவே. இது காசுள்ளோர் பொழுதுபோக்கு என்னும் குற்றச்சாட்டில் ஓரளவு நியாயம் உண்டு. அயல்நாட்டுப் பெட்டிகள் மலிவானவை அல்ல. ஆனால் பெட்டி இல்லாமலும் அளவெடுக்கலாம். வெறும் பாலிஸ்டைரீன் தகட்டையும் அட்டையையும் வெட்டியே அழகான மாதிரிகளைச் செய்வோர் இருக்கிறார்கள். பனங்காய்க் கூந்தலை வண்டியாக்கி ஓட்டிய ஊர்களில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மாதிரிக்காரர்களுக்குள்ளேயும் நாம் உடன்படாத ஒரு கூட்டம் உண்டு. திருகாணிகளை எண்ணிக் குறை சொல்வோர் அவர்கள். கதவுக் கைப்பிடி அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது, சக்கரத்தின் விளிம்பு அந்த ஆண்டுக்குரியதன்று என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். துல்லியம் வேண்டுவதே. பாடபேதம் பார்க்காமல் பதிப்பு இல்லை. ஆனால் பாடபேதங்களை மட்டும் அடுக்கிவைத்தால் அது பதிப்பாகிவிடுமா? எது முதன்மையானது, எதை விடலாம் என்று முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து தப்பிக்கத் துல்லியம் ஒரு புகலிடமாகிவிடக் கூடாது. நகல் என்று இகழ்வோரும் நகலாகவே இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவோரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். இருவரும் செய்பவரின் கண்ணை மறந்துவிடுகிறார்கள்.

இதனை ஒரு கார் கொண்டு விளக்கலாம். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/32 கார்களுள் ஒன்று டிரையம்ஃப் ஹெரால்டு. உண்மைக் கார் இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி. ஏறத்தாழ 3.9 மீட்டர் நீளமுள்ள அக்காரின் மாதிரி 12 சென்டிமீட்டர் அளவில் கையில் வந்து உட்காரும். பெட்டியின்மேல் அச்சிட்ட படத்தைப் பார்த்தால் அது முழுக்க முழுக்க ஆங்கிலேயக் கார். ஆனால் அதே ஹெரால்டு 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் உருவாயிற்று. 948 சிசி எஞ்சினோடு நம் சாலைகளில் ஓடிய அக்காருக்கு இங்கிலாந்தில் என்றுமே இல்லாத ஒன்று இங்கே வாய்த்தது. பின்னாளில் இங்கே நான்கு கதவுகள் வைத்துச் செய்தார்கள். இங்கிலாந்து ஹெரால்டுக்குக் கடைசி வரை பக்கத்துக்கு ஒரு கதவுதான். பாட்டியும் பேரப்பிள்ளைகளுமாக ஒரே காரில் ஏறிக் கல்யாணத்துக்குப் போகும் நாட்டில், முன்னிருக்கையை மடக்கிப் பின்னால் நுழைவது நடக்கிற காரியமன்று.

ஆக, பெட்டியில் உள்ளவாறே ஒட்டி வண்ணம் பூசினால் கிடைப்பது ஆங்கிலேய ஹெரால்டு. நம் ஹெரால்டு வேண்டுமென்றால் முன்கதவைக் குறுக்க வேண்டும். பழைய கதவுக்கோட்டைப் புட்டியால் அடைத்துத் தேய்க்க வேண்டும். நடுத்தூணை முன்னுக்கு நகர்த்த வேண்டும். பின்கதவின் கோட்டை ஊசிமுனையால் புதிதாகக் கீற வேண்டும். எந்தக் குறிப்புத்தாளும் இதற்கு வழிகாட்டாது. பழைய விளம்பரங்களையும் குடும்ப ஆல்பங்களையும் தேடித்தான் அளவு பிடிக்க வேண்டும். அப்படியொரு மாதிரியை நாம் செய்தபோது வடிவத்தைவிட நிறமே பெரும் சிக்கலாயிற்று. கிடைத்த படங்களெல்லாம் கருப்பு வெள்ளை. அந்தக் காரில் சென்றுவந்த உறவினர் ஒருவர் அது மயில்கழுத்து நீலம் என்றார். அவர் தங்கையோ, "சாம்பல் கலந்த பச்சைண்ணா, நல்லா நினைச்சுப் பாரு" என்றார். இருவரும் ஒரே பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள். இருவருடைய நினைவையும் ஒரே தட்டில் கலந்து பார்த்தோம். நீலத்தில் பச்சையும் ஒரு துளி சாம்பலும் சேர்ந்து வந்த நிறத்தைக் கண்டதும் இருவரும் தம் நிறம் இதுவே என்றனர். உண்மைக் காரின் வண்ணக் குறியீட்டெண் கிடைத்திருந்தால் துல்லியம் வாய்த்திருக்கும். இந்த உரையாடல் வாய்த்திராது.

அம்மாதிரியை அத்தொழிற்சாலையில் பல்லாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். மெருகைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காரை முகத்தருகே கொண்டுபோய், நகத்தால் பக்கவாட்டில் மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். "பின்கதவு இருக்கே சார்" என்றார். சிறிது நேரம் கழித்து, "அப்போ இது எங்க வண்டி" என்றார். மாதிரிக்கலையைப் பற்றி நாம் கேட்ட திறனாய்வுகளுள் இதைவிடச் சிறந்தது வேறில்லை.

அத்தொழிற்சாலையில் கார் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அங்கே உருவான ஹெரால்டுகளில் இன்றும் ஓடுபவை சில ஆர்வலர்களின் பேணுதலால் ஓடுகின்றன. அவையும் ஓயும் நாள் வரும். அப்போது ஹெரால்டு என்று தேடும் ஒருவருக்குக் கிடைக்கப்போவது இரண்டு கதவுள்ள ஆங்கிலேயக் காரின் படமும் மாதிரியுமே. வண்டலூரில் ஒரு தகட்டை இரண்டாகப் பகுத்து மேலும் ஒரு கீலைப் பொருத்திய கைகளின் வேலை, யாரும் அதைச் செய்து காட்டாவிட்டால், இல்லாததாகவே ஆகிவிடும். பிற நாட்டார் தம் டிராக்டரையும் பேருந்தையும் பால்வண்டியையும்கூட அளவெடுத்துச் சிறிதாக்கி வைத்திருக்கிறார்கள். அவை அவர்கள் வாழ்க்கையின் உரைநூல்கள். மூலம் சிதைந்த பின்னும் உரையைக் கொண்டு மூலத்தை ஓரளவு மீட்டெடுக்க முடியும் என்பதைத் தமிழ் படித்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே, மேசையில் ஒரு தூரிகையும் நான்கு சிறு வண்ணப் புட்டிகளும் வைத்திருப்பவரைக் கண்டால் பிள்ளைக்கா என்று கேட்க வேண்டாம். எந்த வண்டி என்று கேளுங்கள். உங்கள் வீட்டு ஆல்பத்தில் அந்த வண்டியின் படம் ஒன்று இருக்கக்கூடும். அதன் நிறம் உங்களுக்கு நினைவிருக்கலாம். அதைச் சொல்லிவிட்டுப் போங்கள். அவருக்கு அது தேவைப்படும்.